மார்ச்சில் வலென்சியாவுக்குக் குடிவந்தால்

மார்ச் முதல் வாரத்தில் தெருவில் வெடிச்சத்தம் கேட்டால் பதறிப்போய் போலீஸைக் கூப்பிடாதீர்கள். ஸ்பெயினின் இந்த ஊரில் பெரிய பொம்மைகள் கட்டி எரிக்கும் ஃபாயஸ் திருவிழா தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். நான் வந்த வருடம் யாரும் இதைச் சொல்லவில்லை. காலை 8 மணிக்கு ஜன்னலுக்குக் கீழே வெடி போட்டு, பேண்டு வாத்தியமும் வாசித்து ஊரை எழுப்பியபோது, ஏதோ சண்டை என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்க்ளெத்தா என்ற தொடர் வெடி. பட்டப்பகலில் வெடி வெடித்தால் பார்க்க என்ன இருக்கிறது என்பீர்கள். ஒன்றுமில்லை, புகைதான். அது காதுக்கும் நெஞ்சுக்குமானது. அந்த ஆண்டுக்குத் தேர்வான விழா அரசி உப்பரிகையில் நின்று "வெடிக்காரரே, தொடங்கலாம்" என்று வலென்சிய மொழியில் சொன்னதும் சாவதானமாக ஆரம்பிக்கும். அப்புறம் தவில்காரர் தனி வாசிப்பதுபோல் அடுக்கடுக்காக ஏறி, முடிவில் காலடித் தரையே அதிரும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் உள்ளூர்க்காரர்கள். கைக்குழந்தையைக் கூட்டிப் போக வேண்டாம். பக்கத்து மெட்ரோ நிலையங்களில் நெரிசல் முட்டும். ஒரு நிலையம் முன்பே இறங்கி நடந்துவிடுங்கள்.

15ஆம் தேதிக்குள் தெருமுனைகளில் பொம்மைக் கோபுரங்கள் எழுந்துவிடும். அரசியல்வாதியோ பிரபலமோ, யாரையும் விட்டுவைக்காத கிண்டல். சில பொம்மைகள் பச்சையாகவே இருக்கும். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் உங்கள் பொறுப்பு. மக்கள் ஓட்டில் ஜெயிக்கும் பொம்மையை மட்டும் 1934 முதல் தீயிலிருந்து காப்பாற்றி அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். 17, 18 தேதிகளில் பட்டு உடுத்திய பெண்கள் பூங்கொத்தோடு ஊர்வலமாகப் போய் மாதாவுக்குச் செலுத்துவார்கள். அந்தக் கொத்துகளை அடுக்கித்தான் மாதாவின் மேலங்கியே உருவாகும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. தெருவில் விறகடுப்பில் வேகும் வலென்சியா பயேய்யா என்ற அரிசிச் சோற்றில் கோழியும் முயலும் இருக்கும். சைவக்காரர்களுக்குப் பூசணி புன்யுவேலோ இருக்கிறது. கையை நனைத்து, மாவை முஷ்டியில் பிதுக்கி, கட்டைவிரலால் நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் நழுவவிடும் அம்மாவைப் பாருங்கள். நம் ஊர் வடைக்கடை நினைவு வராவிட்டால் என்னைக் கேளுங்கள். சூடான சாக்லேட்டில் முக்கித் தின்ன வேண்டும்.

ஒவ்வொரு பேட்டைக்கும் கசால் என்று ஒரு சங்கக் கூடம் உண்டு. வருடம் முழுக்கச் சந்தா கட்டித்தான் அவர்கள் இதை நடத்துகிறார்கள். அதனால் கூடத்துக்குள் நேராக நுழைந்து தட்டை நீட்டக் கூடாது. ஆனால் வாசலில் நின்று "ஓலா" என்று வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் உள்ளே இழுத்துவிடுவார்கள். சதுக்கத்துக் கூட்டத்தைவிட எனக்கு இதுதான் ஃபாயஸ்.

19ஆம் தேதி தச்சர்களின் காவலரான புனித சூசையப்பர் திருநாள். அன்றிரவு எல்லாவற்றையும் எரிப்பார்கள். சின்னப் பொம்மைகள் 8 மணி வாக்கில், பெரியவை 10க்கு மேல். தீயணைப்பு வண்டி வந்தால்தான் பற்றவைப்பார்கள் என்பதால் நேரம் தள்ளிப்போகும். எங்கள் தெருவில் வீரர்கள் முதலில் எதிர்வீட்டுச் சுவர்களை நனைத்தார்கள். திரி சரசரவென்று ஓடி, மாதக்கணக்கில் செய்த பொம்மை நிமிடத்தில் உருகியது. ஜரிகை உடையில் நின்ற ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள். அது வழக்கம்தானாம். இப்போது நிறையத் தெர்மாகோல் சேர்ப்பதால் புகை கறுப்பாக வரும். ஆஸ்துமா இருந்தால் காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள். பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகி ஒட்டும், பழைய பருத்திச் சட்டை போதும்.

19 விடுமுறை, 20 வேலைநாள். லீவு முன்பே சொல்லிவையுங்கள்.