கேஸ் எரியுது சரி, புழு செத்துச்சா?

"கேஸ் நல்லா எரியுது, அப்புறம் ஸ்லரியில என்ன இருக்கப்போகுது?" கோபர் கேஸ் வைத்திருக்கிற பலரும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்லரி என்றால் கேஸ் தந்து முடித்துக் கலனிலிருந்து வழிகிற சாணக் கரைசல், அதில் மாட்டின் குடற்புழு முட்டை உயிரோடு இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நம்பினேன். காலையில் வெளித்தொட்டியில் வழிகிற ஸ்லரியை வாளியில் மொண்டு கோ-4 தீவனப் புல்லுக்கு ஊற்றுவேன், இரண்டு நாள் கழித்து அதே பாத்தியில் அறுத்து மாட்டுக்குப் போடுவேன். கிடாரிக் கன்று ஒன்று மருந்து கொடுத்தும் தேறாமல், தாடைக்கு அடியில் பை மாதிரி வீக்கம் வந்து நின்றபோது, பார்க்க வந்த கால்நடை மருத்துவர் கன்றைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "புல்லுக்கு என்ன ஊத்துறீங்க?"

அன்றைக்குத்தான் உறைத்தது, கேஸ் வருவது ஒரு வேலை, சாணத்தில் இருக்கிற புழு முட்டை சாவது வேறு வேலை என்று. நம் வீடுகளில் இருக்கிற தீனபந்து எனும் குவிமாடக் கலனோ மிதக்கும் டிரம் கலனோ, எதையும் நாம் சூடேற்றுவதில்லை. மண்ணுக்குள் புதைந்து 25, 30 டிகிரியில் கிடக்கிறது, மீத்தேன் தருகிற நுண்ணுயிர்களுக்கு அதுவே போதும். உருண்டைப்புழு முட்டைக்கோ அது ஒன்றுமே இல்லை. அதன் ஓடு தடிப்பானது, காற்று இல்லாவிட்டால் வளராமல் அப்படியே உறங்கிக் கிடக்கும், மாதக்கணக்கில் கூட. 55 டிகிரிக்குப் போனால் சில மணி நேரத்தில் செத்துவிடும். ஐரோப்பாவில் இறைச்சிக்கூடக் கழிவைப் போடுகிற பெரிய ஆலைகளில் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகுதான் மேற்கொண்டு எடுக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான், வெறும் செரிப்பை அவர்களே நம்புவதில்லை.

எல்லா முட்டையும் இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் ரத்தம் உறிஞ்சுகிற மெல்லிய புழுக்களின் முட்டைகளுக்குப் பொரிக்கக் காற்று வேண்டும், கலனுக்குள் அது கிடைக்காமல் பெரும்பகுதி ஒழிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை, உள்ளே போதுமான நாள் கிடக்க வேண்டும். என் வீட்டில் கோட்டை விட்டது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 2 கன மீட்டர் கேஸ் தருகிற கலனுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர், ஆக 100 லிட்டர் கரைசல். உள்ளே 4,000 லிட்டர் பிடிக்கும் என்றால் இன்று போட்டது சுமாராக 40 நாள் தங்கும். நான் என்ன செய்தேன், கொட்டகை கழுவுகிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அந்த வாய்க்காலையும் கலவைத் தொட்டிக்கே திருப்பிவிட்டேன். ஒரு நாளைக்கு இன்னொரு 100 லிட்டர். 40 நாள் 20 நாளாகிவிட்டது! அதுவும் சராசரிக் கணக்குதான். கலனுக்குள் சாணம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதில்லை, நேற்றுப் போட்டதில் கொஞ்சம் குறுக்கு வழியில் அடுத்த வாரமே வெளியே வந்துவிடும். கரைசல் தண்ணியாக இருந்தால் இது இன்னும் மோசம், கேஸும் குறையும். இப்போது கொட்டகைத் தண்ணீர் தென்னைக்குப் போகிறது, சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி. தொட்டியில் கரைசலைக் கலக்கிவிட்டுக் குச்சியைத் தூக்கினால் தோசை மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வழிய வேண்டும், மோர் மாதிரி சொட்டக் கூடாது.

புழு மருந்து கொடுத்த வாரத்துச் சாணத்தையும் பலர் யோசிக்காமல் கலனில் கொட்டுகிறார்கள். அடுத்த சில நாள்களுக்குச் செத்த புழுவும் முட்டையுமாகத்தான் சாணம் வரும். எருமைக் கன்றுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், களிமண் நிறத்தில் நாற்றத்தோடு கழியும், சில சமயம் வெள்ளை வெள்ளையாகப் புழு சுருண்டு விழும். தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வருகிற உருண்டைப்புழு அது, முட்டையை ஆயிரக்கணக்கில் விடும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவரைக் கேட்டு முதல் மருந்து கொடுத்துவிட்டு, கன்றுச் சாணத்தைத் தனியாக எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள். பெரிய மாட்டுக்கும் சாணப் பரிசோதனை செய்துவிட்டு மருந்து கொடுப்பது நல்லது. சினை பிடித்த புதிதில் இருக்கிற மாட்டுக்கு அல்பெண்டசோல் ஆகாது, அதைக் கேட்காமல் வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

புழு சாகட்டும் என்று கலனுக்குள்ளேயே சுண்ணாம்பையோ பிளீச்சிங் பவுடரையோ பினாயிலையோ போடுகிற ஆட்களும் உண்டு. முதலில் சாவது கேஸ் தருகிற நுண்ணுயிர்தான், அடுப்பும் அதோடு அணைந்துவிடும்.

சரி, வெளியே வந்த ஸ்லரியை என்ன செய்வது? இங்கேதான் உண்மையில் புழுவை ஒழிக்க முடியும், இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். காய்ந்த இலை, சருகு, தட்டை எதுவாவது ஒரு அடுக்கு, அதன் மேல் ஸ்லரி, மறுபடி சருகு என்று இடுப்பளவு குவித்தால் நான்கைந்து நாளில் உள்ளே சூடேறும். நான் ஒரு பழைய இரும்புக் கம்பியை நடுவில் செருகிவைத்து, பத்து நிமிடம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பார்ப்பேன். பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தால் சூடு போதவில்லை, இன்னும் சருகு வேண்டும், அல்லது ஈரம் அதிகம். சுளீரென்று சுட்டால் சரி. குவியலின் ஓரத்தில் அந்தச் சூடு வராது, அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை வெட்டி நடுவே போட்டுப் புரட்ட வேண்டும். புரட்டாத குவியலில் பாதி வேலைதான் நடந்திருக்கும். குவிக்க ஆள் இல்லை என்றால் சித்திரை, வைகாசி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள், ஈரல் தட்டைப்புழு முட்டை ஈரம் வற்றிக் காய்வதைத் தாங்காது. தடிப்பான ஓட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்னும் பல வாரம் வெயில் வேண்டும்.

தட்டைப்புழு என்றதும் ஞாபகம் வருகிறது, வெளித்தொட்டி வழிந்து வயல் வாய்க்காலில் கலக்கவே கூடாது. அந்த முட்டைக்குத் தண்ணீரும் நன்னீர் நத்தையும் கிடைத்தால் போதும், சுற்று முழுமையாகி, வரப்புப் புல் வழியாக மறுபடி மாட்டின் ஈரலுக்கே வந்து சேரும். தண்ணீரில் மிதந்து வளர்கிற தீவனச் செடியான அசோலாவின் தொட்டியிலும் இதே கதை. பச்சை ஸ்லரியை ஊற்றி வளர்த்துவிட்டு, அள்ளி அப்படியே கோழிக்கும் கன்றுக்கும் போடுகிறார்கள். மக்கிய எரு போட்டு வளர்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் போடுங்கள். கொத்தமல்லி, வெங்காயத்தாள் மாதிரி பச்சையாகத் தின்கிற எதற்கும் புது ஸ்லரி வேண்டவே வேண்டாம். பன்றிச் சாணமோ வீட்டுக் கழிப்பறையோ சேர்ந்த கலன் என்றால் இதை இரண்டு மடங்கு கண்டிப்பாகப் பாருங்கள், அங்கே மனிதக் குடலில் வளர்கிற புழுக்களும் கணக்கில் வரும்.

சில வருடத்துக்கு ஒருமுறை கலனைத் தூர்வாரும்போது அடியில் வருகிற வண்டல்தான் மிக மோசம். முட்டை தண்ணீரை விடக் கனமானது, கீழே இறங்கி வருடக்கணக்காகச் சேர்ந்திருக்கும். "நல்ல சத்துள்ள எரு" என்று நேரே தோட்டத்துக்கு வண்டி ஏற்றாமல் அதையும் குவியலில் சேர்த்துச் சூடேற்றுங்கள். காலியாகத் தெரிகிறதே என்று கலனுக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கும், உயிர் போய்விடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பச்சைச் சாணம் அள்ளிய மண்வெட்டியாலேயே மக்கிய எருவையும் வாரினால் என்ன பயன்? எங்கள் வீட்டில் இப்போது எருவுக்கு ஒரு மண்வெட்டி தனியாக, பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் மாட்டியிருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டுபோய் மாமா போன வாரம் கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருந்தார்.