ஹீமோஃபீலியாவால் பழுதடைந்த மூட்டு: எந்த அறுவை சிகிச்சை, எப்படித் தயாராவது?

ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கு முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளில்தான் ரத்தக்கசிவு அதிகம் ஏற்படுகிறது. ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும்போது, அதிலுள்ள இரும்புச்சத்து மூட்டின் உட்சவ்வில் படிந்து, சவ்வு தடித்துத் துருவின் நிறத்துக்கு மாறுகிறது. தடித்த சவ்வு இன்னும் எளிதாகக் கசிய, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. ஆகவே பாதிப்பு சவ்வோடு நிற்கிறதா, எலும்பு வரை சென்றுவிட்டதா என்பதை எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சவ்வு மட்டுமே தடித்திருந்தால், கதிரியக்க மருந்தை மூட்டுக்குள் ஊசிவழி செலுத்திச் சவ்வைச் சுருங்கச் செய்யலாம். முழங்காலுக்குப் பெரும்பாலும் இட்ரியம்-90 பயன்படுகிறது. அது கிடைக்காத இடங்களில் ரிஃபாம்பிசின் மருந்தைப் பலமுறை செலுத்துவதுண்டு. இவற்றால் கசிவு நிற்காவிட்டால், ஆர்த்ரோஸ்கோபி முறையில் சிறு துளைகள் வழியே சவ்வை அகற்றலாம். இவை கசிவைக் குறைக்குமே தவிர, தேய்ந்த குருத்தெலும்பை மீட்டுத் தரா. அதனால்தான் இந்தக் கட்டத்தில் காலம் தாழ்த்தக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

எலும்போடு எலும்பு உரசும் நிலையில், முழங்காலுக்கும் இடுப்புக்கும் செயற்கை மூட்டு பொருத்துவதே வழக்கம். முழங்கையில் ஆரை எலும்பின் தலைப்பகுதியை நீக்கினால் கையைத் திருப்புவது எளிதாகலாம். கணுக்காலில் எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடும் அறுவை சிகிச்சை நம்பகமானது. அசைவே போய்விடுமே என்று பலர் அஞ்சுவது இயல்புதான். ஆனால் அந்த நிலையிலுள்ள கணுக்கால் ஏற்கெனவே அசைவைப் பெருமளவு இழந்திருக்கும், எஞ்சியிருப்பது வலிதான்.

என் பார்வையில், அறுவை சிகிச்சையின் வெற்றியில் பெரும்பங்கு முன்தயாரிப்பைச் சார்ந்தது. ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் என்ற புரத மருந்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் (இன்ஹிபிட்டர்) உடலில் உள்ளதா என்று பரிசோதிக்காமல் தேதி குறிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஹிபிட்டர் இருந்தால் வழக்கமான ஃபேக்டர் பலனளிக்காமல் போகலாம், மாற்று மருந்துகள் தேவைப்படும். ரத்தக்கசிவைத் தடுக்கும் எமிசிசுமாப் மருந்தை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் அது சாதாரண ரத்த உறைதல் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும். ஃபேக்டர் 8 குறைபாடான ஹீமோஃபீலியா ஏ உள்ளவருக்குப் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் ஃபேக்டர் 8 அளவை 80 முதல் 100 சதவீதத்துக்கு உயர்த்துவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 யூனிட் செலுத்தினால் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும் என்பதால், 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் டோஸ் மட்டுமே சுமார் 3,000 யூனிட் ஆகலாம். அதன்பின் இரண்டு வாரங்கள் வரை படிப்படியாகக் குறைத்துத் தொடர வேண்டியிருக்கும். அத்தனை யூனிட்டும் கையிருப்பில் உள்ளதா, ரத்தப் பரிசோதனைக் கூடம் தினமும் அளவு பார்க்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வாரத் தொடக்கத்தில், காலை நேரத்தில் அறுவை சிகிச்சை அமைவது நல்லது. சிக்கல் எழுந்தால் ரத்தவியல் மருத்துவரும் பரிசோதனைக் கூடமும் உடனே கிடைக்கும். பல்லில் சீழோ சொத்தையோ இருந்தால் அதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் செயற்கை மூட்டில் தொற்று ஏற்படும் அபாயம் ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்குக் கூடுதல்.

வலிக்கு ஆஸ்பிரின் கூடாது. தசையில் ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும். பிசியோதெரபிக்கு முன் ஃபேக்டர் செலுத்திக்கொள்வது தேவையா என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். முழங்கால் மாற்று அறுவைக்குப் பின், சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கிப் படுக்காதீர்கள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தால் கால் நேராக நீளும்.