ஐபிக்குப் போகுது, பெயருக்குப் போகலை: அஷ்யூர் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டில் ஆலை, புதுச்சேரியில் அலுவலகம். இரண்டிலிருந்தும் விபிஎன் வழியே, மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில், சென்னையிலுள்ள சவுத் இந்தியா பகுதியின் விநெட்டுக்கு (கிளவுடுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்) இணைப்பு, புனேயின் சென்ட்ரல் இந்தியா பகுதியில் ஒரு நகல். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த கரை இது. நகலைத் தள்ளி வைப்பது நியாயம்தான். ஆனால் இரண்டு விநெட்டுக்கும் பியரிங் (நேரடி இணைப்பு) போட்டாலே, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் கூட வந்துவிடும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் கோளாறு.

பியரிங் பாக்கெட்டுக்கு வழிவிடும், அவ்வளவுதான். உள் பெயர்களையும் அவற்றின் ஐபிகளையும் வைத்திருக்கும் பட்டியலான பிரைவேட் ஸோனை எந்த விநெட்டோடு லிங்க் செய்தீர்களோ, அங்கிருந்து கேட்டால்தான் ரெக்கார்டு கிடைக்கும். புனேயையும் தனியாக லிங்க் செய்யுங்கள். விநெட்டில் சொந்த டிஎன்எஸ் சர்வர் வைத்திருந்தால், அந்த சர்வர் உட்கார்ந்திருக்கும் விநெட்டுக்கு லிங்க் வேண்டும். பெயர்களைத் தானாகப் பதியும் ஆட்டோ ரெஜிஸ்ட்ரேஷனைக் கண்ட இடத்தில் டிக் செய்யாதீர்கள். ஒரு விநெட் ஒரே ஸோனில்தான் தன் விஎம்களை (விர்ச்சுவல் மெஷின்கள்) பதிவு செய்யும்.

அதிக நேரம் தின்பது அலுவலகத்து டிஎன்எஸ் சர்வர்தான். அதில் ஃபார்வர்டராக (கேள்வியை அனுப்பிவைக்கும் முகவரி) அஷ்யூர் டிஎன்எஸ்ஸின் 168.63.129.16 என்று போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த முகவரி அஷ்யூருக்குள் மட்டுமே பதில் சொல்லும். விபிஎன் தாண்டி வராது. வெளியிலிருந்து வரும் டிஎன்எஸ் கேள்விகளை விநெட்டுக்குள் வாங்கும் பிரைவேட் ரிசால்வர் ஒன்றை அமைத்து, அதற்கென்றே குறைந்தது /28 சப்நெட் (16 முகவரிகள்) ஒதுக்கி, அதன் இன்பவுண்ட் எண்ட்பாயிண்ட் ஐபிக்கு அனுப்புங்கள். எந்தப் பெயரை அனுப்புவது என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். ஸ்டோரேஜுக்கு பிரைவேட் எண்ட்பாயிண்ட் (விநெட்டுக்குள் அதற்கான உள் ஐபி) வைத்திருந்தால், குறிப்பிட்ட பெயருக்கான கேள்விகளை மட்டும் அனுப்பும் கண்டிஷனல் ஃபார்வர்டரை 'பிளாப்.கோர்.விண்டோஸ்.நெட்' என்ற பொதுப் பெயருக்கே போட வேண்டும். பிரைவேட் எண்ட்பாயிண்டின் ஸோனுக்குரிய, 'பிரைவேட்லிங்க்' என்று தொடங்கும் பெயருக்கு மட்டும் போட்டால், சர்வர் பொதுப் பெயரை இணையத்தில் கேட்டு, பப்ளிக் ஐபியோடு முழுப் பதிலையும் வாங்கி வந்துவிடும். கடலூர் கணினியில், பெயருக்கான ஐபியைக் காட்டும் என்எஸ்லுக்அப் கட்டளையை ஸ்டோரேஜ் பெயரோடு அடித்தால் 10.20.1.5 மாதிரி உள் ஐபி வர வேண்டும். பப்ளிக் ஐபி வந்து, ஸ்டோரேஜ் 403 (அனுமதி மறுப்பு) காட்டினால் ஃபயர்வாலைக் குடையாதீர்கள், தப்பு இங்கே.

ஆளுக்கொரு ரிசோர்ஸ் குரூப்பில் (அஷ்யூர் பொருட்களைத் தொகுக்கும் பெட்டி) ஒரே பெயரில் ஸோன் உருவாக்குவதும் வழக்கமாகிவிட்டது. போர்ட்டலே அப்படித் தூண்டுகிறது. ஒரே பெயருள்ள இரண்டு ஸோனை ஒரு விநெட்டோடு லிங்க் செய்ய முடியாது. பாதி ரெக்கார்டு அங்கே, பாதி இங்கே என்று தொங்கும். பொதுவாக ஒரே ஸோன் போதும், எல்லா விநெட்டும் அதற்கே லிங்க் ஆகட்டும்.

இதன் பக்கவிளைவு ஒன்று: வாடிக்கையாளரின் ஸ்டோரேஜுக்கும் பிரைவேட் எண்ட்பாயிண்ட் இருந்தால், உங்கள் விநெட் அந்தப் பெயரை உங்கள் ஸோனில் தேடி, 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று முடித்துவிடும், வெளியே போய்க் கேட்காது. லிங்க்கில் இணையத்துக்குத் திரும்பும் ஃபால்பேக் வசதியை இயக்கினால் சரியாகும். பிரைவேட்லிங்க் ஸோன்களுக்கு மட்டுமே அது உண்டு.

விநெட்டின் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களுக்கு அது உடனே தெரியாது. விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ' கொடுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய பதில் கேஷில் ஒட்டியிருந்தால் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்'.