சேலத்து வெயிலில் ஹைட்ரோபோனிக்ஸ்: தண்ணீர்ச் சூட்டை அடக்கி வேரைக் காப்பது

மண்ணில்லாமல், குழாயில் ஓடும் சத்துநீரில் வேரை நனையவிட்டுச் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்குக் கோடையில் தண்ணீர்ச் சூடுதான் எதிரி. முதலில் வாங்க வேண்டியது மீன்தொட்டிக் கடையில் ஒயரோடு கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதன் நுனியை டேங்கில் போட வேண்டாம். சத்துநீர் குழாயைவிட்டு வெளியேறும் கடைசி முனையில் கட்டுங்கள். சித்திரையில் பிற்பகல் 3 முதல் 5 மணிக்குள் அங்கே காட்டும் அளவுதான் கணக்கு. காற்றின் சூடு தணியத் தொடங்கிய பிறகும் தண்ணீர் சூடேறிக்கொண்டிருக்கும். உச்சிவேளையில் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது.

லெட்யூஸுக்கு 18 முதல் 22 டிகிரி நல்லது, 24 வரை ஓட்டலாம். வேர் அந்த அளவில் இருந்தால் காற்று 30 டிகிரியைத் தாண்டினாலும் செடி தாக்குப்பிடிக்கும். புதினா, துளசி, பாலக் 28 வரை பொறுக்கும். அதற்குமேல் போனால் கணக்கு இரண்டு பக்கமும் இடிக்கும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கொள்ளும், 30 டிகிரியில் 7.5தான். அதே பத்து டிகிரியில் வேரின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். மூச்சுத் திணறும் வேரில்தான் பித்தியம் என்ற அழுகல் கிருமி நுழையும். சூடான தண்ணீர் அதற்குக் கொண்டாட்டம். அதன் வித்துகள் நீந்திப் போய் அடுத்தடுத்த செடியைப் பிடிக்கும்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வாங்கும் யோசனை கடைசியில் வரட்டும். சூடு உள்ளே வரும் வழிகளை அடைக்காமல் சில்லர் போட்டால் கரண்ட் பில்தான் ஏறும். டேங்கை மண்ணில் கழுத்துவரை புதையுங்கள். முடியாவிட்டால் நிழலில் வைத்து, நாலு பக்கத்திலும் மூடியிலும் 2 அங்குல தெர்மோகோல் ஒட்டுங்கள். செடிக்கு 1 லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். இங்கே 2 முதல் 3 லிட்டர் வையுங்கள், அதிகத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். குழாய்க்கு வெள்ளை பெயின்ட், மேலே 50 சதவீத நிழல்வலை. குழாய் 6 மீட்டருக்குமேல் வேண்டாம். நீளம் கூடக் கூடக் கடைசிச் செடிக்கு வெந்நீர்தான் போகும். சரிவு 1 மீட்டருக்கு 2 செ.மீ., ஓட்டம் ஒரு குழாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர். டேங்கை நிரப்ப மொட்டைமாடித் தண்ணீரைத் தொடாதீர்கள், அதிகாலையில் நிரப்புங்கள்.

பலர் கவனிக்காதது பம்ப். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 40 வாட் பம்ப் தன் மின்சாரம் அத்தனையையும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயே கொட்டுகிறது. 100 லிட்டரில் மணிக்கு மூன்றில் ஒரு டிகிரி. மோட்டார் வெளியே இருக்கும் பம்ப் இதைவிட நல்லது. ஏர் பம்பையும் தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள், அது அனலைத்தான் இழுத்து ஊதும்.

அவசரத்துக்கு ஐஸ். 1 கிலோ ஐஸ் 100 லிட்டர் தண்ணீரைச் சுமார் 1 டிகிரி இறக்கும். 32ஐ 24 ஆக்க 8 கிலோ வேண்டும், அதுவும் வெளியிலிருந்து சூடு ஏறாவிட்டால். மூடிய பாட்டிலில் உறையவைத்துப் போடுங்கள், நேராகக் கொட்டினால் இ.சி. (நீரில் கரைந்த உரஉப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) இறங்கும். தெர்மோகோல் ஒட்டாத டேங்க் என்றால் ஈரச் சாக்கு சுற்றிக் காற்றோட்டத்தில் வைக்கலாம். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் பலன் தெரியும், ஐப்பசியில் தெரியாது. குளிரூட்டும் சுருளுக்குச் செம்புக் குழாய் கூடவே கூடாது. அமிலச் சத்துநீரில் செம்பு கரைந்து வேரைக் கருக்கும்.

கோடையில் செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகம் குடிப்பதால் இ.சி. தானாக ஏறும். லெட்யூஸுக்கு 1.0 முதல் 1.2 mS/cm-க்குள் வைத்து, தினமும் வெறும் தண்ணீரால் குறையை நிரப்புங்கள். பி.எச். 5.5 முதல் 6.2.

பழுப்பு வேரெல்லாம் அழுகல் அல்ல. தென்னைநார்த் துகளும் இரும்புச் சத்தும் வேரில் கறை ஏற்றும். வேரை இரு விரலால் உருவிப் பாருங்கள்: மேல்தோல் வழுக்கிக் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால் அது அழுகல். நாற்றமும் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் நின்றுகொண்டே பகலில் வாடி மாலையில் தெளியும் செடியை அன்றைக்கே தூக்கிப் பாருங்கள்.

அழுகல் என்று தெரிந்தால் அந்தச் செடியை வெளியே எறிந்து, சத்துநீரை முழுதும் கொட்டி, டேங்கையும் குழாயையும் தேய்த்துக் கழுவிப் புது நீர் ஊற்றுங்கள். மருந்துக்கடையின் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு அரை முதல் 1 மி.லி. சேர்க்கலாம். ஓரிரு நாளில் சிதைந்துவிடும், எனவே இது தற்காலிகம்தான். வேரைக் காக்கும் நல்ல கிருமிகளான சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விடுபவர்கள் பெராக்சைடு சிதைந்த பிறகு விட வேண்டும். சேர்த்து விட்டால் நல்ல கிருமியும் சாகும்.

ஏற்காட்டில் பிரச்சினை தலைகீழ். மார்கழி இரவில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்கத் தடுமாறி இலையடி ஊதா பூக்கும். உரத்தைக் கூட்டாமல் நீரைச் சூடாக்குங்கள்: லிட்டருக்கு 1 வாட் கணக்கில் மீன்தொட்டி ஹீட்டர், 18 டிகிரியில். குளிர்ந்த நீர்தானே என்று ஏர் பம்பை நிறுத்திவிடாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே 18 டிகிரி நீர் கொள்ளும் ஆக்சிஜனும் சேலத்தில் 26 டிகிரி நீர் கொள்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டேங்கைக் காலி செய்யும்முன் ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள், தண்ணீருக்கு வெளியே ஓடினால் கண்ணாடி வெடித்துவிடும்.