அடிபட்ட பூனை: ரத்தத்தைப் பார்க்காதீர்கள், மூத்திரத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். பின்தெருத் தம்பி ஒருவர் போன் செய்தார். தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது அவருக்கு. "அக்கா, பைக்குக்காரன் ஒருத்தன் நம்ம கருப்பிய அடிச்சிட்டான். ஆனா ரத்தமே இல்ல. எழுந்து ஓடி ஜெனரேட்டர் பின்னாடி உட்கார்ந்திருக்கு. வால் மட்டும் கொஞ்சம் தொங்குது. காலையில பார்த்துக்கலாமா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன், வேறொரு அக்காவிடம். அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சென்னையில் பெரம்பூர் பக்கம் எங்கள் வீடு. லாரி, தண்ணீர் வண்டி, பஸ் எல்லாம் போகிற சாலை நூறடி தூரத்தில். இத்தனை வருஷத்தில் வண்டியில் அடிபட்ட பூனைகளை மட்டும் ஐம்பதுக்குக் குறையாமல் தூக்கியிருப்பேன். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அதில் சில என் அறியாமையால் போனவை. 'டாக்டரிடம் கொண்டுபோங்கள்', 'வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்' என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பூனைமேல் அக்கறை உள்ளவர்களே, அந்த அக்கறையினாலேயே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வந்தேன்.

ஓடிவிட்டது, அப்படியென்றால் ஒன்றும் இல்லை

இடுப்பெலும்பு உடைந்த பூனைகூட இருபதடி ஓடும். பயம் ஓட வைக்கும். ஓடிப்போய் இருட்டான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கத்தாது. பூனை வலியை வெளியே காட்டாத ஜாதி. நாயாக இருந்தால் தெருவே எழுந்து வந்திருக்கும்.

அடிபட்டதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால் நகத்தைப் பாருங்கள். வண்டி இழுத்துக்கொண்டு போகும்போது பூனை தார்ச்சாலையை நகத்தால் பற்றப் பார்க்கும். நுனி தேய்ந்து, நார்நாராகப் பிளந்திருக்கும். காயமே இல்லாமல் சோர்ந்து கிடக்கும் பூனையின் நகம் அப்படி இருந்தால், அது வண்டியில்தான் அடிபட்டிருக்கிறது என்று நான் முடிவு செய்துவிடுவேன்.

அப்புறம் மூச்சு. தொடாமல், தள்ளி உட்கார்ந்து, விலா ஏறி இறங்குவதைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கும் பூனைக்கு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டே நிற்காமல் கிளம்புங்கள். நாய் வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம், அடிபட்ட பூனை அப்படிச் செய்தால் அது உயிருக்குப் போராடுகிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு சதைத் திரை இருக்கிறது. வண்டி மோதிய வேகத்தில் அது கிழிந்தால் ஈரலும் குடலும் நெஞ்சுக்குள் ஏறிவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. இந்த நிலையிலும் சில பூனைகள் நாலு நாள், ஐந்து நாள் சாப்பிடும். ஆனால் பக்கவாட்டில் படுக்காது. முழங்கையை விரித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருக்கும். 'பாவம், தூக்கம் வரல போல' என்று நான் போர்வை போட்டுவிட்ட பூனை ஒன்று உண்டு.

வால் மட்டும்தான் தொங்குது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சொல்கிறவர்கள்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய.

பூனை கிட்டத்தட்டத் தப்பித்திருக்கும். உடம்பு வெளியே வந்துவிட, சக்கரம் வாலை மட்டும் பிடித்துக்கொள்ளும். பூனை முன்னால் பாயும், வால் பின்னால் நிற்கும். அந்த இழுப்பில் வாலின் அடிமூட்டு விலகிவிடும். போனால் போகிறது, வால்தானே என்று தோன்றும். அந்த இழுப்பில் முதுகுத்தண்டின் கடைசியில் இருக்கும் நரம்புகளும் சேர்ந்து இழுபடுகின்றன. மூத்திரப்பையையும் ஆசனவாயையும் ஆட்டிவைக்கிற நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. வாலின் வழியாக அடி விழுந்தது மூத்திரப்பைக்கு.

செவலை என்று ஒரு கடுவன். ஒன்றரை வயது. தண்ணீர் லாரி வாலில் ஏறிவிட்டது. நான் அப்போது புதுசு. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய புடவை விரித்துப் படுக்க வைத்தேன். அக்கா போனில் "ஒன்றுக்குப் போகுதா பாரு" என்றார். காலையில் பார்த்தால் புடவை நனைந்திருந்தது. "நல்லாவே போகுதுக்கா" என்றேன். தினமும் மூன்று முறை துணி மாற்றினேன், துவைத்துக் காயப்போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஐந்தாவது நாள் வாந்தி. தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதுமே, "எத்தனை நாளா யூரின் போகல?" என்றார்.

"போகுதே டாக்டர், துணியெல்லாம் நனையுதே."

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தட்டை எடுத்து வைத்து, வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து நிதானமாக அழுத்தினார். கருஞ்சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒரு காபி டம்ளர் நிறைய இருக்கும். அறை முழுக்க அழுகல் நாற்றம். அப்புறம்தான் சொன்னார்: "குடம் நிரம்பி வழியுதும்மா. வழியறத நீங்க போறதுன்னு நினைச்சிருக்கீங்க."

இதுதான் விஷயம். பூனை மூத்திரம் பெய்வது வேறு, மூத்திரம் வழிவது வேறு. பெய்கிற பூனை எழுந்து, மண்ணைத் தோண்டி, குந்தி, போய்விட்டு மூடும். நடக்க முடியாத பூனைகூட நகர்ந்து குந்தப் பார்க்கும். வழிகிற பூனை படுத்த இடத்திலேயே நனைந்திருக்கும், தூக்கினால் சொட்டும், பின்னங்கால் முடி ஒட்டிக்கொண்டு நாறும். உள்ளே மூத்திரப்பை ஊதிக்கொண்டே போகும். காலியாக இருக்கும்போது விரலுக்குத் தட்டுப்படாது. கொஞ்சம் நிறைந்தால் எலுமிச்சம்பழம். சாத்துக்குடி அளவு கையில் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

செவலைக்கு மூன்றாவது வாரத்தில் நரம்பு திரும்பியது. தொட்டால் வாலடியில் உணர்ச்சி இருந்தது. ஆனால் ஐந்து நாள் ஊதிக்கிடந்த பை தளர்ந்துபோய்விட்டது, ரொம்ப இழுத்த ரப்பர் மாதிரி. சுருங்கவே இல்லை. சீழ் பிடித்தது, மருந்து கொடுத்தால் அடங்கியது, மறுபடி பிடித்தது. இரண்டு மாதம் இருந்தான். முதல் நாளே யாராவது அந்தப் பையை அழுத்தி வெளியேற்றியிருந்தால் இருந்திருப்பான் என்றே இன்னும் நினைக்கிறேன்.

ஆகவே வால் தொங்குகிற பூனை வந்தால் டாக்டரிடம் இரண்டே கேள்வி: வாலடியில் கிள்ளினால் உணர்ச்சி இருக்கிறதா? மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா? கிள்ளும்போது திரும்பிப் பார்த்துச் சீறினால் நல்ல செய்தி. உணர்ச்சி இல்லாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். இழுபட்ட நரம்பு திரும்ப வாரக்கணக்கில் ஆகும், ஒரு மாதம்வரை பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேலும் தானாகப் போகாவிட்டால் திரும்புவது அபூர்வம். அதுவரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை நீங்கள்தான் அழுத்தி எடுக்க வேண்டும். டாக்டர் கையின்மேல் உங்கள் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துக் கற்க வேண்டாம். ஆத்திரமாக அழுத்தினால் பை கிழியும்.

கருப்பியை அன்று ராத்திரியே கொண்டுபோனோம். தம்பி முதல் இரண்டு நாள் கை நடுங்கி அழுதார், அப்புறம் பழகிவிட்டது. பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ அனுப்பினார். மண் தட்டு. நடுவில் ஒரு ஈர உருண்டை. வேறொன்றும் எழுதவில்லை.

பாராசிட்டமால்

கால் மாத்திரைகூடக் கூடாது.

நமக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற அதே 500, 650 மாத்திரைதான். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால்.

பால் ஊற்றுவது

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும்.

மஞ்சள், டெட்டால்

இரண்டும் வேண்டாம். மஞ்சளை டாக்டர் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், டெட்டால் வகையறா பூனைக்கு விஷம். மெடிக்கலில் நார்மல் சலைன் (உப்புநீர்) பாட்டில் கிடைக்கும், காயத்தைக் கழுவ அது போதும்.

வெறுங்கையால் வாரி எடுப்பது

வளர்த்த பூனையாகவே இருக்கட்டும், வலியில் கடிக்கும். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறக்கிவிடும். என் வலது கை ஒரு முறை மறுநாளே பூரி மாதிரி உப்பி, நாலு நாள் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி. பூனைக்கும் வெறிநோய் வரும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கெட்டித் துண்டைத் தலையோடு சேர்த்துப் போடுங்கள், இருட்டானால் பாதி அடங்கிவிடும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து உடம்புக்கு அடியில் நழுவவிட்டு, வளைக்காமல் தூக்குங்கள். பூனைக்கூடை இல்லையென்றால் காய்கறிக் கூடை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டினால் போதும். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகாதீர்கள். சிக்னலில் ஒரு ஹாரன் போதும், பாய்ந்துவிடும். அப்படி வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஒரு பூனையைத் தவறவிட்டு, டவுட்டன் பக்கம் பாதி ராத்திரிவரை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

"முதல்ல எக்ஸ்ரே எடுங்க டாக்டர்"

இந்தச் சண்டையை நானும் போட்டிருக்கிறேன். கால் உடைந்து தொங்குவது கண்ணுக்குத் தெரியும், அதனால் அதுதான் அவசரம் என்று தோன்றும். மூச்சுத் திணறும் பூனையை மேசையில் மல்லாத்தி, கை காலை இழுத்துப் பிடித்தால் அங்கேயே போய்விடலாம். முதலில் ஆக்சிஜன், வலிக்கு ஊசி, வெதுவெதுப்பு, இருட்டு. டாக்டர் சும்மா கூண்டில் வைத்திருக்கிறாரே என்று நினைக்காதீர்கள், அதுதான் வைத்தியம். உடைந்த கால் இரண்டு நாள் காத்திருக்கும்.

பத்து நாளில் திறந்துவிடுவது

இடுப்பெலும்பு உடைந்த பூனைகளில் பல அறுவை இல்லாமலே கூடிவிடும், கூண்டில் ஐந்தாறு வாரம் அடைத்து வைத்தால். பத்தாம் நாள் அது நடக்கும், கத்தும், கெஞ்சும். கதவைத் திறக்காதீர்கள்.

சோற்றுத் தட்டு எந்தப் பக்கம்?

இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. நான் மூன்று வருஷம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த காலி மனையில் சோறு வைத்தேன். பக்கத்து வீட்டில் சண்டை போட்டார்கள், அதனால் அங்கே. பூனைகள் இருந்ததோ இந்தப் பக்கம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஏழெட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து பின்னாலேயே ஓடிவரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். மாலை ஏழு மணி, வேலை முடிந்து எல்லா வண்டியும் வீடு திரும்புகிற நேரம். அந்த மூன்று வருஷத்தில் நாலு பூனை அதே இடத்தில் செத்தன. லாரிக்காரர்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். பூனை குறுக்கே போனால் சகுனம் என்று வண்டியை நிறுத்துகிறவர்களே எவ்வளவோ மேல் என்றுகூடப் பேசியிருக்கிறேன். தட்டை வைத்தது நான் என்பது நாலாவது பூனைக்குப் பிறகுதான் உறைத்தது.

பூனை எந்தப் பக்கம் தூங்குகிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். சாலை ஓய்ந்த பிறகு வையுங்கள். பக்கத்து வீட்டோடு சண்டை என்றால் சமாதானம் பேசுங்கள், முறுக்கு வாங்கிக் கொடுங்கள், ஏதாவது செய்யுங்கள். கடுவன்களுக்குக் கருத்தடை செய்துவிட்டால் பெட்டையைத் தேடி ராத்திரி முழுக்கச் சாலை தாண்டுவது பெருமளவு குறையும். மழைக்காலத்தில் காரை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு. சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

செத்துக் கிடப்பதைத் தாண்டிப் போவது

குனிந்து வயிற்றைப் பாருங்கள். பெட்டையாக இருந்து, முலைக்காம்பு பெருத்து, சுற்றியிருக்கும் முடி உதிர்ந்திருந்தால் பக்கத்தில் எங்கோ குட்டிகள் பசியோடு இருக்கின்றன. ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் போன் செய்து சொல்லிவிட்டு, அன்று ராத்திரி தெரு அடங்கிய பிறகு போய் நில்லுங்கள். பகலில் குட்டிகள் சத்தமே காட்டாது. ஒரு முறை நாங்கள் இரண்டு மணிவரை நின்றோம். டெய்லர் கடை மாடிப்படிக்கு அடியில், கிழிசல் துணி மூட்டைக்குள் மூன்று. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. இரண்டு பிழைத்தன. அதில் ஒன்றுதான் கருப்பி.