பயனர் குழு நடத்துகிறீர்களா? சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

புதிதாகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் (லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) பயனர் குழுக்களின் பொறுப்பாளர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்பார்கள். கொஞ்ச நேரம் பேசினாலே தெரிந்துவிடும், நாங்கள் விழுந்த அதே பள்ளங்களை நோக்கித்தான் இவர்களும் போகிறார்கள் என்று. கூட்டத் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள், புரொஜெக்டர் ஓடுகிறதா பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகப் புரிந்துவிடும். புரியும்போது கைமீறிப் போயிருக்கும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் ஒருவர் பெயரில்

குழு தொடங்கும் உற்சாகத்தில் ஒருவர் டொமைன் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) வாங்கிவிடுவார். அவர் பெயர், அவர் கார்டு, அவர் மின்னஞ்சல். டெலிகிராம் குழுவைத் திறப்பவரும் அவரே. நன்கொடை வந்தால் அவருடைய சேமிப்புக் கணக்கில் போய் விழும். கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. வேறு யாரும் முன்வராததால் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர். கெட்டவராக இருந்திருந்தால் முதல் மாதமே எல்லோரும் உஷாராகியிருப்பார்கள். நல்லவராக இருப்பதால்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வேலை மாறினார், குழந்தை பிறந்தது, கூட்டத்துக்கு வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. டொமைனைப் பதிவு செய்தபோது அவர் கொடுத்திருந்தது பழைய அலுவலக மின்னஞ்சல். காலாவதி நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. தளம் திறக்கவில்லை என்றதும் கோளாறு சர்வரில் என்று நினைத்து அதைக் குடைந்துகொண்டிருந்தோம். டாட் ஓஆர்ஜி, டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, பதிவு நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் பழைய உரிமையாளர் திரும்பப் பெறலாம். அதையும் விட்டுவிட்டால் அடுத்த 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். கட்டணம் கட்ட நாங்கள் தயார்தான். ஆனால் உரிமையாளர் நாங்கள் இல்லையே. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பெயர் வேறு யாரிடமோ போய்விட்டது. எங்கள் நிறுவல் வழிகாட்டிகளுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் சூதாட்ட விளம்பரத்தில் போய் நின்றன.

இதை முழுக்கச் சொன்ன பிறகும் ஒரு பதில் தவறாமல் வரும்: “எங்க ஆள் அப்படிப்பட்டவர் இல்லைங்க.” இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் இதுதான். எங்கள் ஆளும் அப்படிப்பட்டவர் இல்லை! நம்பகமானவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும், வேலை மாறும், போன் தொலையும். இன்னொருவருக்கும் அணுகல் கொடுங்கள் என்றால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கும்வரை இதற்கு விடிவில்லை.

சின்னக் குழுக்களின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். ஏராளமான சர்வர்கள் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் 2009 ஜூலையில் என்ன நடந்தது? டொமைனும், நன்கொடையும் விளம்பர வருமானமும் வரும் கணக்குகளும் நிறுவனர் ஒருவர் கையில். அவரைத் தொடர்புகொள்ள முடியாமல், மற்ற பொறுப்பாளர்கள் அவருக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கடிதம் வெளியான சில நாட்களில் அவர் பேச வந்தார், விவகாரம் தீர்ந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவும் அரட்டைக்குப் பயன்படுத்திய ஃப்ரீநோடில், வலையமைப்பும் டொமைனும் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு 2021 மே மாதம் முற்றியது. அதை ஆண்டுக்கணக்கில் நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக வெளியேறி, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். இந்த முறை சுவீடனில் ஒரு லாப நோக்கற்ற சங்கத்தின் பெயரில்.

சரி, என்ன செய்யலாம்? ஒரே ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: டொமைன், சர்வர், மின்னஞ்சல் குழு, கிட்ஹப் (நிரல்களை வைக்கும் தளம்), அரட்டைக் குழுக்கள், பணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது, இரண்டாவது ஆள் யார், எப்போது காலாவதி. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தில் இதை உரக்கப் படியுங்கள். படித்தால் மட்டும் போதாது, இரண்டாவது ஆள் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் உள்நுழைந்து காட்ட வேண்டும். ஒரு குழுவில் கடவுச்சொல் ஐந்து பேரிடம் இருந்தது; ஓடிபி மட்டும் ஒருவர் போனுக்குப் போனது. உள்நுழையச் சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. ஓடிபி செயலியின் ரகசியக் குறியீட்டை இரண்டு பேர் போனில் ஏற்றிக்கொள்ளலாம். போன் இல்லாதபோது உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து மூன்றாமவரிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொரு பொறி. டொமைன் கணக்குக்குக் குழுவின் சொந்த டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் போனால் அந்த மின்னஞ்சலும் போகும், கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் வராது. காரின் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

பணத்துக்கு இரண்டு கையெழுத்து. குழுவைப் பதிவு செய்யும் அளவுக்கு ஆள்பலம் இல்லையென்றால், உங்களுக்காகப் பணத்தை வைத்துக் கணக்குக் காட்டும் அமைப்பு ஒன்றை நாடுங்கள். லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டமே தன் சொத்துகளைத் தன் பெயரில் வைத்துக்கொள்வதில்லை. அந்த வேலைக்காக 1997இல் எஸ்பிஐ (Software in the Public Interest; வங்கி இல்லை) என்ற தனி அமைப்பு உருவானது.

முதல் மாதமே அரசியலமைப்பு

டெபியன் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதன் அரசியலமைப்பை, அதாவது நிர்வாக விதிகளை, அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பொதுத்தீர்மானம், தொழில்நுட்பக் குழு, செயலாளர் என்று பதவி பிரிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். பதவிகளை நிரப்பவே ஆள் போதாது. டெபியன் 1993இல் தொடங்கியது. அதன் அரசியலமைப்பு 1998இல்தான் வந்தது. ஆட்கள் பெருகி, தகராறுகளைப் பார்த்த பிறகு எழுதியது. உங்களுக்கு ஒரு பக்கம் போதும்: யார் உறுப்பினர், யார் முடிவெடுப்பது, எத்தனை காலத்துக்கு, எப்படி மாற்றுவது. டெபியனின் விதிகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் தலைவருக்கு ஓராண்டுப் பதவிக்காலம் என்ற விதியைச் சொல்வேன். நன்றாகச் செய்தால் மீண்டும் நிற்கட்டும்.

“இங்கே எல்லோரும் சமம், தலைவரே கிடையாது”

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், யாருக்கு நேரம் அதிகமோ அவர் முடிவெடுப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை என்பதால் நீக்கவும் வழியில்லை. தலைவர் இருந்தும், அவருக்குப் பிறகு யார் என்று எழுதி வைக்காவிட்டாலும் திண்டாட்டம்தான். பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸம் 2018 ஜூலையில், அந்த மொழியில் ஒரு மாற்றம் குறித்த கடும் விவாதத்துக்குப் பிறகு, வாரிசை அறிவிக்காமல் தலைமையிலிருந்து ஒதுங்கினார். எப்படி நிர்வகிப்பது என்று முடிவு செய்யவே பைத்தான் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இறுதிவரை ஆனது. தேர்வான முறை ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு. அதில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கலாம். ஒரே அலுவலக நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் குழுக்களுக்கு மிகவும் தேவை.

எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு

ஸ்டிக்கர் நிறத்துக்கு வாக்கெடுப்பு நடத்தி இரண்டு பேர் பேசாமல் போனதைப் பார்த்தவன் நான். அப்பாச்சி அறக்கட்டளையின் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: செய்யப் போவதை அறிவித்து 72 மணி நேரமாவது காத்திருப்பார்கள், யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். “எனக்குப் பிடிக்கலை” என்பது காரணம் ஆகாது. வாக்கெடுப்பைப் பணத்துக்கும் பதவிக்கும் விதி மாற்றத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

“யாராவது செய்யுங்க”

யாரும் செய்ய மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புகார் யாரிடம் என்று எழுதாத நடத்தை விதி

நடத்தை விதியை ஒட்டுவது சுலபம். புகார் வந்தால் யார் படிப்பது? பெயரோடு எழுதுங்கள். புகார் அந்த நபர் மீதே இருக்கலாம் என்பதால் இரண்டு பெயர் வேண்டும், அந்த இருவரும் நெருங்கிய நண்பர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது.

எந்த லினக்ஸ் சிறந்தது?

இந்த விவாதம் கூட்டத்தில் வேண்டாம்.

வெளியேற வழி வைக்காதது

பொறுப்பிலிருந்து விலகுவது துரோகம் போலப் பார்க்கப்படும் குழுவில் யாரும் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள், காணாமல்தான் போவார்கள். “அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லுங்கள், மனதை மாற்றப் பார்க்காதீர்கள். அந்த மாதத்தை ஒப்படைப்புக்குப் பயன்படுத்துங்கள். முதலில் சொன்ன தாளில் அவர் பெயர் இருக்கும் வரிகளையெல்லாம் அவர் இருக்கும்போதே மாற்றி, அவருடைய அணுகலையும் அன்றே நீக்கிவிடுங்கள். நாளைக்கு ஏதாவது உடைந்தால் அவர் மீது சந்தேகம் விழாமல் இருப்பது அவருக்கும் நல்லது.

ஒரே புரவலர்

இடம், பணம், இணையம் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்காதீர்கள். இடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.