கணக்கில் விட்ட ஈரம்

திருகோணமலையில் நான் பார்க்கும் மீன் குளிரறை 5 பாகைக்கு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கொம்பிரசரை மாற்றச் சொன்னார்கள். சரி, முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று பழைய கொப்பியை எடுத்தேன்.

பிழை என்னுடையதுதான். கதவால் புகும் 32 பாகைக் காற்றை உலர்காற்றாக எண்ணி, அதைக் குளிர்விக்கக் கிலோவுக்கு 27 கிலோஜூல் வெப்பம் அகற்றினால் போதும் என்று போட்டிருந்தேன். எங்கள் கடற்காற்றிலோ ஈரப்பதன் 80 வீதம். கிலோவுக்கு 24 கிராம் நீராவி. 5 பாகையில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் தங்கும். மிச்சம் 19 கிராம் நீராகும்போது, கிராமுக்கு 2.5 கிலோஜூலாக இன்னும் 47 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். வடிகுழாயடி வாளி தினமும் வழிந்ததைப் பார்த்தும் உறைக்கவில்லை!

கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டித் திரை போட்டோம். மறுநாள் விடிய 5 காட்டியது.